ஹீட் சிங்க் போச்சு என்கிறார்களா? வாங்குவதற்கு முன்னால் கழற்றிப் பாருங்கள்

அக்கா, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாடாங் செராயில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடையில் கல்யாணப் பத்திரிகையும் திருவிழா பேனரும் வடிவமைக்கிறீர்கள். லேப்டாப்பில் ஐ5-8250யூ பிராசசர், கூடவே எம்எக்ஸ்150 கிராஃபிக்ஸ், வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கோரல்டிராவையும் ஃபோட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தால் விசிறி கத்துகிறது, கால் மணி நேரத்தில் மவுஸ்கூட நகர மறுக்கிறது, அரை மணியில் தானாக அணைந்துவிடுகிறது. டவுனில் காட்டினால் திறந்துகூடப் பார்க்காமல் "ஹீட் சிங்க் போச்சு, மாற்ற 280 வெள்ளி (ரிங்கிட்)" என்று சொல்லிவிட்டார்கள். படிவம் ஐந்து படிக்கும் மகன் நானே மாற்றுகிறேன் என்று நிற்கிறான், விடலாமா என்பது கேள்வி.

விடலாம். ஆனால் கழற்றி மாட்டுவதற்குத்தான் விடச் சொல்கிறேன், புது ஹீட் சிங்க் வாங்க இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பகலில் கூலிமில் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் வீட்டில் லேப்டாப் பழுது பார்ப்பது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், பிராசசர் சிப்பின் சூட்டை வாங்கி விசிறிப் பக்கம் கடத்தும் ஹீட் சிங்க் என்பது லேப்டாப்பிலேயே சுலபத்தில் கெடாத பாகம். செம்புத் தகடு, செம்புக் குழாய், கடைசியில் மெல்லிய தகடுகளின் அடுக்கு, அவ்வளவுதான். அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? கெடுவது அதற்கு இரண்டு பக்கமும் இருப்பவை. ஒரு பக்கம் சிப்புக்கும் செம்புக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட், இன்னொரு பக்கம் தகடுகளை அடைக்கும் தூசி. இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைத் திருகாணியைத் தொடாமலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், அதில் பிராசசர் வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பைப் பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, பிறகு கனமான பேனர் கோப்பு ஒன்றைத் திறந்து, எண் எப்படி ஏறுகிறது என்று மட்டும் பாருங்கள். எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதுதான் இங்கே பேசும். ஒன்றிரண்டு நொடியில் 55 டிகிரியிலிருந்து 95-க்குத் தாவினால் சூடு சிப்பை விட்டு வெளியேறவே வழியில்லை என்று அர்த்தம்: பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது குழாய் செத்திருக்கும். அப்படியில்லாமல் ஐந்து பத்து நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல 90-ஐத் தாண்டினால், சூடு சிப்பிலிருந்து தகடு வரைக்கும் ஒழுங்காக வந்துவிடுகிறது, அங்கிருந்து வெளியே போகத்தான் முடியவில்லை. அது தூசி, அல்லது விசிறி. உங்கள் பிராசசருக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்படியும் அடங்காவிட்டால் அணைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்கிற கால் மணி, அரை மணிக் கணக்கைப் பார்த்தால் எனக்குத் தூசி மேல்தான் முதல் சந்தேகம், பேஸ்ட் மேல் இரண்டாவது.

நம் ஊரில் தூசி என்றால் வெறும் தூசி இல்லை. சாமி மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தால் ஊதுவத்தி, சாம்பிராணிப் புகை. ராத்திரி வேலை என்றால் கொசுவத்திச் சுருள். எஸ்டேட் மண் சாலையில் லாரி போனால் எழும்பும் செம்மண். புகையில் இருக்கும் எண்ணெய்ப் பசை தூசியைக் கெட்டியாகப் பிடித்து, விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாக்கிவிடும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. பல்லி முட்டையும் பார்த்திருக்கிறேன். அறை வெப்பத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஏர்கோன் போட்ட 24 டிகிரி அறைக்கும் மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 33 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே சிப்பின் மேல் ஏறும்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். அதற்கு முன்னால் முக்கியமான ஒன்று. லேப்டாப்பை மேசையில் வைத்து மட்டமாக நிற்கிறதா, டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, அடி மூடி எங்காவது பிதுங்கியிருக்கிறதா பாருங்கள். எப்போதும் சார்ஜரில் போட்டுச் சூட்டிலேயே ஓடும் லேப்டாப்பில் பேட்டரி உப்புவது சாதாரணம். உப்பியிருந்தால் பையனைத் தொட விடாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அதைக் கடைக்காரர் கையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். உப்பவில்லை என்றால் தொடரலாம். வாடிக்கையாளர் கோப்புகளை ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். நல்ல முனையுள்ள பிலிப்ஸ் திருப்புளி இரண்டு, பிஎச்0, பிஎச்00. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் மலிவுப் பெட்டி வேண்டாம், அதன் முனை மழுங்கித் திருகாணித் தலையைத் தின்றுவிடும், அப்புறம் அந்த ஒரு திருகாணிக்காகவே கடைக்குப் போக வேண்டி வரும். பழைய ஏடிஎம் அட்டை ஒன்று, மூடியை நெம்ப. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஃபார்மசியில் கிடைக்கும் 70 சதவீதமும் வேலை செய்யும், தண்ணீர் கலந்தது என்பதால் நன்றாகக் காய விட வேண்டும். நகப்பூச்சு அகற்றும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், மண்ணெண்ணெயும் டபிள்யூடி-40-உம் எண்ணெய்ப் படலம் விடும், மூன்றும் வேண்டாம். பஞ்சு உதிராத துணி, மென்மையான பெயின்ட் பிரஷ், ஒரு குழாய் தெர்மல் பேஸ்ட்.

பேஸ்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தப்பான பேஸ்ட் வாங்குகிறவர்கள் நிறைய. செம்பும் சிப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளம் இருக்கும், அதில் காற்று நிற்கும். காற்றைவிடச் செம்பு சுமார் 15,000 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்துகிறது, ஆகவே அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். லேப்டாப் சிப்பில் டெஸ்க்டாப் மாதிரி மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கன் வெறுமனே நிற்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இரண்டு பரப்பும் விரிந்து சுருங்க, தண்ணியான பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கிப்போய் நடுவில் காலியாகிவிடும். அதனால் லேப்டாப்புக்குக் கெட்டியான பேஸ்ட் நல்லது. இல்லையென்றால் ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாள் வாங்குங்கள். அறை வெப்பத்தில் தாளாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகிப் பரவிக்கொள்ளும், பிதுங்கிப் போவதும் குறைவு. ஆன்லைனில் போலியும் விற்கிறார்கள், கருத்துகளைப் படித்து வாங்குங்கள். பேஸ்ட்டுக்குப் பதில் வைக்கும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி போர்டில் சிந்தினால் 280 வெள்ளிப் பேச்சு முடிந்து புது லேப்டாப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

உங்கள் மாடல் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைத் தேடி எடுத்து வையுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும், யூடியூப்பைவிட நம்பகமானது. கழற்றுவதற்கு முன் லேப்டாப்பைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், காய்ந்த பேஸ்ட் கொஞ்சம் இளகும். அப்புறம் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுக்க அணையும், சும்மா கொடுத்தால் பாதித் தூக்கத்தில் இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, அடி மூடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நீளமானதைக் குட்டையின் துளையில் முடுக்கினால் மறுபக்கம் குத்திக்கொண்டு வரும். ரப்பர் காலுக்குக் கீழேயும் திருகாணி ஒளிந்திருக்கும், மூடி வரவில்லை என்றால் இழுக்காமல் அங்கே தேடுங்கள்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிரிப்பது. பிளக்கின் உடலைப் பிடித்து நகத்தால் தள்ள வேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். தைப்பூசத்துக்கு எடுத்த பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கம்பளத்தில் உட்கார்ந்தால் ஒழிய நம் ஈரக் காற்றில் நிலைமின்சாரத்துக்கு ரொம்பப் பயப்பட வேண்டாம், வேலையைத் தொடங்கும் முன் தண்ணீர்க் குழாய் உலோகத்தைத் தொட்டுவிட்டு வந்தால் போதும்.

இப்போது ஹீட் சிங்க் தெரியும். செம்பு நிறத்திலோ கறுப்புப் பூச்சிலோ தட்டையான குழாய் ஒன்று, உங்களுடையதில் இரண்டாகவும் இருக்கலாம், சிப்பிலிருந்து விசிறி வாய் வரை ஓடும். கிராஃபிக்ஸ் சிப்பும் அதே குழாயைப் பகிர்ந்துகொள்ளும். திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும், கிராஃபிக்ஸ் பக்கம் அதற்கு மேலும் போகும். அந்த எண்கள் அலங்காரத்துக்குப் போட்டவை இல்லை. ஒரு மூலையை முழுக்கத் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்கமாக விட்டால் தகடு சாய்ந்து வெறும் சிலிக்கனின் ஓரத்தில் மொத்த அழுத்தமும் விழும். ஓரம் உடைந்தால் அந்தச் சிப் போனது போனதுதான். ஆகவே கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து தலைகீழாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக, சுற்றிச் சுற்றி வந்து தளர்த்த வேண்டும். பெரும்பாலும் ஸ்பிரிங்கோடு தகட்டிலேயே தொங்கும் வகைதான், முழுக்க வெளியே வராது, வரவில்லையே என்று நெம்பாதீர்கள்.

எல்லாம் தளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்து இடம் வலமாக லேசாக ஆட்டினால் பேஸ்ட் விடும். உங்கள் பிராசசர் போர்டில் பற்றவைத்தது என்பதால் அதோடு சேர்ந்து வராது. இன்டெல் நான்காம் தலைமுறையோடு லேப்டாப்பில் சாக்கெட்டில் கழற்றி மாட்டும் பிராசசர் நின்றுபோனது, உங்களுடையது எட்டாம் தலைமுறை. பக்கத்துப் பினாங்கில்தான் இன்டெல் 1972-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது. பழைய டெஸ்க்டாப் பிராசசர் கையில் கிடைத்தால் பையனிடம் மூடியைப் படிக்கச் சொல்லுங்கள், 'மலாய்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

வெளியே எடுத்த ஹீட் சிங்கை இப்போதுதான் நிஜமாகச் சோதிக்க முடியும், கடைக்காரர் செய்யாமல் விட்ட சோதனை இது. அந்தக் குழாய் முழுச் செம்புக் கம்பி கிடையாது. உள்ளே வெற்றிடம், சுவரில் நுண்துளை நிறைந்த ஒரு படலம், அதில் கொஞ்சம் தண்ணீர். காற்று இல்லாததால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிக் குளிர்ந்த முனைக்கு ஓடும், அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீராகி அந்தப் படலம் வழியாகவே ஊறி வந்துவிடும். குழாய் எங்காவது மடங்கி நசுங்கினாலோ விரிசல் விட்டு வெற்றிடம் போனாலோ இந்த ஓட்டம் நின்றுவிடும், பிறகு அது சாதாரணச் செம்புத் துண்டு. விசிறி தனியாகக் கழன்று வருமென்றால் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒரு குவளையில் கொதிக்க வைத்த தண்ணீரை ஊற்றி, சிப்பில் உட்காரும் தகட்டை மட்டும் அதில் தொடும்படி பிடித்து, மறு முனையில் தகடு அடுக்கை விரலால் தொட்டுக்கொண்டிருங்கள். நல்ல குழாய் என்றால் சில நொடியில் விரலை எடுக்க வைக்கும். அரை நிமிடம் ஆகியும் வெதுவெதுப்பாகவே இருந்தால் கடைக்காரர் சொன்னது சரி, குழாய் செத்துவிட்டது. குழாயிலிருந்து தகடு அடுக்கு பிரிந்து ஆடினாலும் மாற்ற வேண்டியதுதான். சோதித்ததை நன்றாகத் துடைத்து முழுக்கக் காய வையுங்கள்.

விசிறிக்கும் தகடுக்கும் நடுவில் நான் சொன்ன படலம் இருந்தால் இடுக்கியால் முழுசாக உரித்து எடுத்துவிடலாம், அதில் ஒரு தனி திருப்தி உண்டு. மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். மோட்டார் பட்டறை கம்ப்ரசரில் காட்டினால் ஒரே நொடியில் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும், அந்த வேகத்தில் விசிறி சுழன்றால் பேரிங் போய்விடும். எதை வைத்து ஊதினாலும் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றாலோ சட்டென்று நின்றாலோ விசிறியை மட்டும் வாங்கி மாற்றினால் போதும்.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் சிப்பிலும் செம்பிலும் துடையுங்கள், கத்தியால் சுரண்டக் கூடாது. பிராசசர் மேல் பெரியதும் சின்னதுமாக இரண்டு சிலிக்கன் துண்டு தெரியும். சின்னதில் பழைய பேஸ்ட் இல்லையென்றால் நீங்களும் வைக்க வேண்டாம், இருந்தால் வையுங்கள். கிராஃபிக்ஸ் பக்கத்தில் நினைவகச் சிப்கள் மேல் மெத்தென்ற தெர்மல் பேட் இருந்தால் அதைப் பிய்க்காமல் காப்பாற்றுங்கள். கிழிந்தால் அதே தடிப்பில் வாங்க வேண்டும், 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. வைத்தால் தகடு தூக்கிக்கொண்டு பிராசசரில் உட்காராது. அந்த இடைவெளியைப் பேஸ்ட்டால் நிரப்பவும் முடியாது.

புது பேஸ்ட்டை ஒரு அரிசி மணியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, சிப்பின் நான்கு மூலையும் மூடும்படி மெல்லியதாகப் பரப்புங்கள். உலோக மூடி உள்ள டெஸ்க்டாப்பில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும், இங்கே மூலை காலியாக இருந்தால் அந்த மூலை மட்டும் தனியாகச் சுடும். ஹீட் சிங்கை நேராக இறக்கி, 1, 2, 3, 4 என்ற வரிசையில் முதலில் நுனியைப் பிடிக்க வைத்து, பிறகு அதே வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். வைத்த பிறகு ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமே என்று பையன் கேட்பான். தூக்கினால் துடைத்துவிட்டு முதலிலிருந்து வைக்க வேண்டும். விசிறிப் பிளக், கடைசியாகப் பேட்டரி.

மூடியை மாட்டியதும் சார்ஜரைப் போட்டுப் பவர் பட்டனைத் தட்டுங்கள், பேட்டரி பிரித்து மாட்டிய பிறகு சில லேப்டாப்கள் சார்ஜர் இல்லாமல் எழுந்திருக்காது. விசிறிப் பிளக்கை மறந்திருந்தால் சில மாடல்கள் திரையிலேயே சொல்லிவிடும், எச்பியில் 90பி என்ற எண்ணோடு வரும். அப்புறம் அதே பேனர் கோப்பு, அதே எச்டபிள்யூஇன்ஃபோ. முன்னால் எடுத்த எண்களைக் குறித்து வைத்திருந்தால் வித்தியாசம் தெரியும். 80-களில் நின்றால் நல்ல வேலை. தொட்டவுடன் 95-க்குத் தாவினால் ஹீட் சிங்க் ஒழுங்காக உட்காரவில்லை, திரும்பக் கழற்றுங்கள்.

கொதிநீர்ச் சோதனையில் குழாய் தோற்றுப்போய் வாங்கியே ஆக வேண்டும் என்றால் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே மாடலில் தனி கிராஃபிக்ஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஹீட் சிங்க் வேறு வேறு, துளைகள் பொருந்தாது. பழையதன் மேல் ஸ்டிக்கரில் இருக்கும் பாக எண்ணை ஷாப்பியிலோ லஸாடாவிலோ போட்டு, விற்பவரின் படத்தையும் கையில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துத் திருகாணித் துளைகளை எண்ணி, விசிறியோடு வருகிறதா தனியாகவா என்று கேட்டு வாங்குங்கள். பார்சல் வந்ததும் குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்து, செம்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகு மாட்டச் சொல்லுங்கள்.